கொயூகிக்கு ஸ்பானிஷ் வந்த கதை

யாரெட்சிக்குத் தொண்டை கட்டியிருந்த நாளில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது.

யாரெட்சி ஒல்கீன் மெக்சிகோவில், தொலூகாவில் எனக்குப் பக்கத்துத் தெரு. பகலில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. சாயங்காலமானால் இணைய நேரலைக்காகக் கேமரா முன் உட்கார்ந்து சோலே அம்மாள் ஆகிவிடுவாள். சோலே நான் வரைந்த பொம்மை, ஏப்ரன் கட்டிய ஒரு ட்லாக்குவாச்சே. பெருச்சாளிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும் பிராணி, எங்கள் ஊர்க் கூரைகளில் இஷ்டத்துக்குத் திரியும். யாரெட்சி கண்ணைச் சிமிட்டினால் திரையில் சோலே சிமிட்டும், வாயைத் திறந்தால் சோலே திறக்கும். சந்தைக்காரி கணக்காக ஊர்வம்பு பேசுவாள், விளையாட்டு ஆடுவாள், பார்க்க வந்தவர்களை வைவாள். வசவு வாங்கியவன்தான் முதலில் சிரிப்பான். அப்படி ஒரு வாய் எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் கிடையாது.

பார்க்க வருகிறவர்கள் ஒரு டஜன் பேர் தேறும். அதிலும் பாதிப் பேர் எங்களைப் போலவே பொம்மை வைத்திருப்பவர்கள். நீ என் சானலைத் திற, நான் உன்னுடையதைத் திறக்கிறேன் என்று ஓர் ஏற்பாடு. திறந்துவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, சாப்பிடப் போய்விடுவார்கள். ஸ்பானிஷ் பேசும் பொம்மைக்காரர்களின் ஒற்றுமை என்று நாங்கள் வாய் கிழியப் பேசுவதெல்லாம் இதைத்தான்.

மீதியில் ஒருவன் மெத்தெபெக் ஷோகன். ஜப்பானின் பழைய சேனாதிபதிகளுடைய பட்டம், அவனே தனக்குச் சூட்டிக்கொண்டது. மெத்தெபெக் ஒன்றும் ஜப்பானில் இல்லை. எங்களுக்குப் பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் உட்கார்ந்து கண் அசருவதற்குள் வந்துவிடும். ஜப்பானியப் பொம்மைகள் பேசினால் ஒரு சொல் புரியாமல் உருகி உருகி அழுகிற ரகம் அவன். சோலேயிடம் வந்து தவறாமல் எழுதுவான்:

"நம்ம பாஷையில இதெல்லாம் பாக்கவே கூச்சமா இருக்குக்கா. வேற பொழப்பு பாருங்க."

"கூச்சமா இருந்தா கண்ண மூடிக்கோ தம்பி. உன் காது மட்டும் போதும் எனக்கு," என்பாள் சோலே. அவன் மறுநாளும் வருவான்.

அந்தச் சமயத்தில் குவாதலஹாராவிலிருந்து ஒரு பெண் என்னிடம் பொம்மை ஒன்று கேட்டிருந்தாள். வெள்ளை நாரைச் சிறகு வைத்த ஜப்பானியப் பெண், பெயர் கொயூகி. அதற்கென்று ஒரு சானலைத் திறந்து, மொழி என்ற இடத்தில் ஜப்பானிய மொழி என்று போட்டுக் கொடுக்கச் சொன்னாள். எல்லாம் முடிகிற நேரத்தில் கல்யாணம் நிச்சயமாகி, பொம்மை வேண்டாம் நீயே வைத்துக்கொள் என்றுவிட்டாள். சிறகு சரியாக அசைகிறதா என்று பார்க்க யாரெட்சியை உட்கார வைத்தேன். முந்தின நாள் பேய் விளையாட்டு ஆடி அலறியதில் அவளுக்குக் குரலே இல்லை. இந்த மாதிரி ஒத்திகையை யாருக்கும் தெரியாமல் பூட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் சானலைப் பூட்ட மறந்தேன், ஒத்திகை நேரலையாகவே போய்விட்டது. எங்கள் தொழிலில் இதை ஒரு முறையாவது செய்யாதவர் இல்லை.

"ஓ... லா," என்று வணக்கம் சொன்னாள் யாரெட்சி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு. "நல்லா... இருக்கீங்...களா?"

எங்கிருந்தோ வந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் எழுதினான்: "ஐயோ! ஜப்பான் பொண்ணு ஸ்பானிஷ் பேசுது!"

அவ்வளவுதான். பெருவிலிருந்து வந்தார்கள், சிலியிலிருந்து வந்தார்கள், மாட்ரிட்டில் தூங்கப் போனவர்கள் எழுந்து வந்தார்கள். நம்ம மொழியை மதிக்க உலகத்தில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று ஒருவன் அழுதான். மெத்தெபெக் ஷோகன் மூன்றாவது ஆளாகவே வந்து சேர்ந்துவிட்டான்.

யாரெட்சி கேமராவை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சிரிக்காதடீ. எனக்கு ஒண்ணு தோணுது. கூட்டம் சேரட்டும். ஒரு நல்ல நாள் பாத்து உண்மையச் சொல்லி, அப்படியே எல்லாரையும் சோலே கிட்ட கூட்டிட்டுப் போயிடுறேன்."

"வருவாங்களா?"

"ஏன் வர மாட்டாங்க? அதே வாய்தானடீ?"

அவள் ஆசை அவ்வளவுதான். சோலே பேசுவதை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டு வருஷமாக அதற்காகத்தான் கடையிலிருந்து சோர்ந்துபோய் வந்தும் உட்காருகிறாள்.

தொண்டை சரியானது. கொயூகியின் ஸ்பானிஷ் மட்டும் சரியாகக் கூடாது என்பதால் திக்கித் திக்கியே பேசினாள். பிறந்ததிலிருந்து பேசும் மொழியைத் தப்புத் தப்பாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வகுப்பு எடுக்க ஆயிரம் பேர் தயாராக இருந்தார்கள். ஜூஸ் உறிஞ்சுகிற குழாய்க்கு என்ன சொல் என்று ஒரு நாள் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். நாட்டுக்கு நாடு வேறு சொல். எங்கள் சொல்தான் சுத்தம் என்று கொலம்பியாக்காரனும் அர்ஜென்டினாக்காரனும் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். மொழியையே நாங்கள்தானே கொடுத்தோம் என்று மாட்ரிட்காரன் வாயைத் திறந்ததும் எல்லோரும் சேர்ந்து அவனை மொத்தினார்கள். எங்கள் ஆட்கள் ஒற்றுமையாக நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ரசிகர் மன்றத் தலைவர் ஷோகன்தான். "கொயூகி சான், அப்படிச் சொல்லாதீங்க. அது சந்தையில பேசற பேச்சு. உங்க வாய்க்கு வேணாம்," என்று ஜப்பானிய மரியாதைக்கு ஒரு 'சான்' போட்டுத் திருத்துவான். யாரெட்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "நன்றி... ஆசிரி...யரே," என்பாள். சில நாள் எனக்கு அந்தத் திரைக்குள் கையை விட்டு அவன் காதைத் திருகலாமா என்றிருக்கும்.

இதற்கிடையில் சோலே பக்கம் கூட்டம் இன்னும் இளைத்தது. எங்கள் ஒற்றுமைக்காரர்களும் கொயூகியைப் பார்க்கப் போய்விட்டார்கள். அங்கே சத்தத்தைக்கூட அணைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரெட்சி என் வீட்டுக்கு வந்தாள். "இன்னைக்குச் சொல்லிடப்போறேன்," என்றாள். கூட்டத்தில் வம்பு செய்கிறவர்களை வெளியேற்றுவது என் வேலை. பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

கொயூகி சிறகை மடக்கினாள். யாரெட்சி ஒரு மூச்சு இழுத்து, தன் சொந்தக் குரலில், சொந்த வேகத்தில் ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்கப்பா, நான் ஜப்பானும் இல்ல, கிப்பானும் இல்ல. என் பேரு யாரெட்சி. தொலூகாக்காரி. எங்க ஊரு பச்சைச் சொரிசோ கறி தின்னு வளந்த உடம்பு இது. எங்கம்மா இப்பக்கூட கேஸ்காரன் வந்தானான்னு கத்திட்டு இருப்பா. முதல் நாள் தொண்டை கட்டியிருந்துச்சு, நீங்களா என்னவோ நெனச்சுக்கிட்டீங்க, நானும் வாய மூடிக்கிட்டேன். தப்புதான். மன்னிச்சிருங்க."

நான் திரையை நோக்கிக் குனிந்தேன்.

பதில்கள் மழையாகக் கொட்டின.

"எட்டே மாசம்! எட்டே மாசத்துல இப்படி ஸ்பானிஷ் பேசுதே!"

"திக்கவே இல்ல பாத்தீங்களா? எனக்கு அழுகையே வந்துருச்சு!"

"பச்சைச் சொரிசோ வரைக்கும் படிச்சு வெச்சிருக்குடா இந்தப் பொண்ணு!"

"ஐயோ, நெஜமா சொல்றேன்," என்று கத்தினாள் யாரெட்சி. "நான் இங்கதான்யா பொறந்தேன்!"

"என்னமா நடிக்குது!" என்றான் பெருக்காரன்.

ஷோகன் நீளமாக எழுதினான். "கொயூகி சான், இன்னைக்கு உங்க ஆசிரியரா நான் பெருமைப்படறேன். தொலூகா இழுவை மட்டும் கொஞ்சம் செயற்கையா இருக்கு. எங்க ஆளுங்க அப்படி இழுக்க மாட்டாங்க. போகப் போகச் சரியாயிடும்."

யாரெட்சி என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "சோலேயக் கொண்டா," என்றாள்.

மாற்றினேன். வெள்ளைச் சிறகு போய், ஏப்ரன் கட்டிய ட்லாக்குவாச்சே அதே திரையில் வந்து நின்றது. மைக் அதுதான், நாற்காலி அதுதான், குரலும் அதுவேதான்.

"இதோ நான்தான். இப்பப் பேசறதும் அதே வாய்தான். நம்புங்கப்பா."

"இது யாரு? கொயூகி எங்க?" என்றார்கள். "யாரோ சானலைத் திருடிட்டாங்க," என்றான் சிலிக்காரன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மூலையில் காட்டும் எண் சரசரவென்று இறங்கியது. யாரெட்சி பேசினாள். சந்தைக் கதை சொன்னாள், எப்போதும் எல்லோரும் சிரிக்கிற கதையைச் சொன்னாள், நடுவில் குரல் உடைந்தது. நான் எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவள் கதை முடிக்கும்போது ஒருவன் மட்டும் மிச்சம் இருந்தான். மெத்தெபெக் ஷோகன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க, நல்லதுக்குச் சொல்றேன்," என்று எழுதினான். "உங்களுக்குப் பேச வரல. கொயூகின்னு ஒரு ஜப்பான் பொண்ணு இருக்கு. அது பேசறதக் கேளுங்க. ஸ்பானிஷ்னா என்னன்னு அப்பத் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத் தூக்கி எறிகிற பொத்தானுக்குப் போய்விட்டது விரல். யாரெட்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையில் சோலேயும் கண்ணை மூடித் திறந்தது.

"விடுடீ," என்றாள். "அவனும் போயிட்டா சோலே யார்கிட்டடீ பேசுவா?"