ஒன்பதாவதாக வந்தவள்

முதுகின் நடுவே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடையில், அவள் கை எட்டாத இடம் ஒன்று இருந்தது. பெரிய போட்டிகளின்போது அந்த இடத்தை மழித்துவிடுவது என் வேலை. தண்ணீர் உடம்பில் தங்காமல் வழுக்கிப் போவதற்காக நீச்சல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அன்று காலையும் விடுதிக் குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் ரேசரை வெந்நீரில் நனைத்து நனைத்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

"கை நடுங்குது, ப்ரூஃப்," என்றாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கல்யாணமான வாரத்திலிருந்தே அவளுக்கு நான் ப்ரூஃப்தான்.

"நடுங்கல. நீதான் அசையுற."

"முதுகுல கமா கிமா போட்டுத் தொலைக்காத. சாயங்காலம் டிவில பக்கத்துல காட்டுவான்."

"போட்டா நானே அடிச்சுடறேன். அதுக்குத்தானே சம்பளம் வாங்குறேன்."

சிரித்தாள். துண்டால் முதுகை ஒற்றி எடுத்தேன். தலை லேசாக வலிக்கிறது, காபி குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு எட்டு மணி வேனுக்குக் கீழே ஓடினாள். பயிற்சிக் குளத்தில் அரை மணி நேரம் உடம்பைத் தளர்த்திவிட்டு வந்து, மாலை வரை தூங்குவதாகத் திட்டம்.

முந்தின நாள் பெண்களுக்கான இருநூறு மீட்டர் பட்டர்ஃப்ளை அரையிறுதியில் பதினாறு பேர் நீந்தினார்கள். எட்டுப் பேருக்குத்தான் இறுதிப் போட்டி. அவள் மூன்றாவதாக வந்திருந்தாள். இருபத்தொன்பது வயதில், உலக அளவில் அவளுக்குக் கிடைத்த முதல் இறுதிப் போட்டி அது.

ஒன்பதே காலுக்குக் கோச்சம்மா போன் செய்தார். ஆறு முறை குளத்தின் நீளத்தை நீந்திவிட்டுக் கரையேறி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாளாம். ஓய்வெடுக்கிறாள் என்று யாரும் தொந்தரவு செய்யவில்லை; வேனுக்குக் கூப்பிடப் போனபோதுதான் நினைவு தப்பியிருந்தது தெரிந்ததாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய், பிறந்ததிலிருந்தே மெலிந்திருந்ததாம். வீட்டில் தூங்கும்போதும் வெடித்திருக்கலாம், கடைவீதியிலும் வெடித்திருக்கலாம் என்றார் டாக்டர். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரில் இருந்த அத்தைக்கு நான்தான் சொன்னேன். அவளைப் பெற்றவருக்கு அதை எந்த வார்த்தைகளில் சொன்னேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

ஒன்றரை மணிக்கு அணி மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். பெரிய உடம்புக்காரர். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைக் கேக்குற நேரமில்ல தம்பி. ஆனா மூணு மணிக்குள்ள முடிவு சொல்லணும். இது விலகல் தாள். இதுல நான் கையெழுத்துப் போட்டா, ஒன்பதாவதா வந்த பொண்ணை ஃபைனலுக்குக் கூப்பிடுவாங்க. போடலன்னா லேன் காலியா இருக்கும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"காலியா இருக்கட்டும். மூணாவது லேன். அந்த ஸ்டேடியமே எந்திரிச்சு நிக்கும். அவளுக்கு நாம வேற என்ன செஞ்சுட முடியும்?" கைக்குட்டையை எடுத்தார். "ஆனா குடும்பம் என்ன சொல்லுதோ அதான்."

கோச்சம்மா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து குளத்துக்கிட்டதான் இருக்கு," என்றார். "ஒன்பதாவதா வந்தா, யாராவது விலகுவாங்களான்னு அப்படித்தான் காத்திருக்கணும். விஷயம் இன்னும் அதுக்குத் தெரியாது."

"இப்ப அதையா பேசுவாங்க?" என்றார் மேனேஜர்.

"நான் எதையும் பேசல சார். இருக்கறதைச் சொன்னேன்."

நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போனேன். நாலரை மணிக்கு எழுந்து மகளைக் குளத்துக்குக் கூட்டிப்போய், கரையில் நின்றே இருபது வருஷம் கழித்தவர் அத்தை. அவரைக் கேட்காமல் எப்படி?

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

"விலகல் தாளா?"

"ஆமா."

"போட விடாதீங்க."

பின்னால் யார் யாரோ அழும் சத்தம் கேட்டது. அத்தையின் குரல் மட்டும் தட்டையாக இருந்தது.

"அவ எடத்துல யாரும் எறங்கக் கூடாது மாப்பிள்ளை. ரெண்டு நிமிஷம். அதுகூடவா குடுக்க மாட்டாங்க?"

"அந்தப் பொண்ணு அவ லேனுக்கு வராது அத்தை. நாலாவதா வந்தவ மூணாவது லேனுக்கு வருவா, மத்தவங்க ஆளுக்கொரு எடம் நகருவாங்க, இது ஓரத்துல எட்டாவதுல..."

"எனக்கே சொல்லிக் குடுக்காதீங்க."

வேறு என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கேட்டேன். "நாலு வருஷம் முன்னாடி அவ ஒன்பதாவதா வந்தப்ப நீங்கதானே கூட இருந்தீங்க?"

"இருந்தேன். அந்த இறுக்கமான நீச்சல் டிரெஸ்ஸை மாட்டவே அரை மணி ஆகும். நானும் அவளுமா மல்லுக்கட்டி மாட்டினோம். தொப்பியப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தா. எட்டுப் பேரும் பலகை மேல ஏறி நிக்குற வரைக்கும் கழட்டல. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்த எட்டுப் பொண்ணுங்களையும் ஒருத்தி விடாம பாத்துக்கிட்டிருந்தேன். எவளுக்காவது வயித்து வலி வராதா, எவளாவது கால் பெசகி விழ மாட்டாளான்னு. வேண்டிக்கிட்டேன், மாப்பிள்ளை. கண்ணை மூடி வேண்டிக்கிட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னைக்கு அந்தப் பொண்ணைப் பெத்தவளும் வேண்டியிருப்பா. அவ வேண்டினது பலிச்சுடுச்சுன்னு ஆக வேணாம். அதுக்குத்தான் சொல்றேன். போட விடாதீங்க."

ஜன்னலுக்குக் கீழே ஒருவர் காரைப் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, இடத்தில் பொருத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தி இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வேண்டினது யாரையும் ஒண்ணும் பண்ணல அத்தை," என்றேன். "அன்னைக்கு எட்டுப் பேரும் நல்லாத்தான் நீந்தினாங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அப்படியே ஒருத்தி வேண்டியிருந்தாலும், அதனால இது நடக்கல. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நான் போடச் சொல்லப் போறேன்."

"உங்க இஷ்டம். நான் சரின்னு சொல்லல."

வைத்துவிட்டார்.

தாளில் காரணம் என்ற தலைப்புக்குக் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. நோய், காயம், பிற. மேனேஜர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பேனாவை வாங்கி 'பிற' என்பதற்கு எதிரே நானே குறியிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். மணி இரண்டு ஐம்பது. கோச்சம்மா அந்தத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார். ஐம்பத்தைந்து வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

அன்று மாலை ஸ்டேடியத்துக்கு நான் போகவில்லை. மறுநாள்தான் அவளைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். காத்திருப்போர் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஸ்டேடியத்தில் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு மூன்றாவது லேனில் வேறொருத்தி பலகைமேல் ஏறினாள். எட்டாவது லேனில் பச்சைத் தொப்பி போட்ட ஒல்லியான பெண் கைகளை உதறிக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். குதித்த பிறகு நான் அவளை மட்டும்தான் பார்த்தேன். நூறு மீட்டர் வரை நான்காவதாக இருந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக அவளைக் கடந்து போனார்கள். கடைசியாகத்தான் சுவரைத் தொட்டாள்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் வரை அத்தை என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் மதியம் அவளுடைய துண்டுகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து மடித்தேன்.

"மொத நூறுலயே எல்லாத்தையும் செலவழிச்சுட்டா," என்றார்.

"யாரு?"

"அந்தப் பொண்ணுதான். கடைசி அம்பதுல கை தண்ணிய விட்டு வெளியிலயே வரல. அவ கோச்சு சரியில்ல."

"பாத்தீங்களா அத்தை?"

"பாக்காம?" துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "நான் இன்னும் சரின்னு சொல்லல."

"தெரியும்."

அடுத்த துண்டை என் பக்கம் தள்ளினார்.

அந்தப் போட்டியின் முடிவுகளை இன்றும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இறுதிப் போட்டியின் பக்கத்தில் எட்டுப் பெயர்கள். என் மனைவியின் பெயர் இல்லை. அதற்கு முந்தின பக்கம் அரையிறுதி. அதை யாரும் திருத்தவில்லை. அதில் அந்தப் பெண் ஒன்பதாவது. என் மனைவி மூன்றாவது. இரண்டு நிமிடம், ஏழு புள்ளி நான்கு நான்கு விநாடி.