கூண்டா முற்றமா

சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அவர் கேட்டதும், வாய் நிறையப் பற்பசை நுரையோடு அவள் பதில் சொன்னதும் கோழியைப் பற்றித்தான்.

வீட்டில் கோழி எதுவும் கிடையாது. அவளுடைய அம்மா விட்டுப்போன வளையல்களை விற்ற பணத்துக்குத்தான் அந்தப் பெயர். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு வளையல் போட்டுக்கொள்ள வாய்த்ததே இல்லை. கை எந்நேரமும் அச்சு எடுக்கும் மாவும் மெழுகுமாக இருக்கும். சும்மா கிடக்கிற நகையை விற்று, மறுபடி தங்கமாகவே முதலீட்டுக் கணக்கில் வாங்கி வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவழியாக ஒத்துப்போனார்கள். முதலீட்டு அலுவலகத்தில் பணமும் கட்டியாகிவிட்டது. எந்தக் கணக்கில் வாங்குவது என்பதில்தான் வழக்கு.

அவர் பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று ஓய்வுக்காலக் கணக்கு. அதில் போட்டால் அறுபது வயது வரை கை வைக்க முடியாது, ஆனால் லாபத்துக்கு வரி இல்லை. வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று வரம்பும் உண்டு. மற்றது சாதாரணக் கணக்கு. நினைத்தபோது விற்கலாம், விற்கும்போது வரி கட்ட வேண்டும்.

தங்கம் வட்டி தராது, வருஷா வருஷம் வருமானம் காட்டாது, வரியில்லாத கொஞ்ச இடத்தை அதற்குக் கொடுத்து வீணாக்குவானேன், வட்டி தருகிற பத்திரத்தை அங்கே வைக்கலாமே என்பது அவர் கட்சி. "முட்டை போடாத கோழிக்கு எதுக்குக் கூண்டு? முற்றத்துல மேயட்டும்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவள் விடுவாளா? "முட்டை போடலன்னாலும் கொழுக்கும்ல. அறுக்கிற அன்னைக்கு வரிக்காரன் வந்து நிப்பான், தொடைக்கறி எனக்குன்னு. கூண்டுல இருந்தா முழுக்கோழியும் நமக்கு."

அன்று முதல் ஓய்வுக்காலக் கணக்கு கூண்டு ஆயிற்று, சாதாரணக் கணக்கு முற்றம். வாரக்கணக்கில் இந்தச் சண்டை ஓடியது. இருவருக்குமே அதை முடிக்க மனசில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலையில் அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "உங்களை நம்பி முற்றத்துல விட்டா, அடுத்த மாசம் புது பைக் வந்து நிக்கும், கோழி இருக்காது" என்றாள். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். "ஊரையெல்லாம் ஏத்தி விட்டுட்டு வாங்க, நாம நடந்தே ஏறிக்கலாம்" என்று வழக்கம்போல் கேலி செய்து வழியனுப்பினாள்.

மதியத்துக்கு முன்பே அவள் வேலை மேஜையில் தலை சாய்த்துவிட்டாள். அசதியில் படுத்திருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது அவர் கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. அந்தக் கையோடு அவளைத் தொடத் தயங்கி, துடைக்கத் துணி தேடினார். தேடிக்கொண்டே நின்றுவிட்டார்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும், "இனி கோழியை எங்கே விடுறது" என்று அவர் முனகியதை அவளுடைய தம்பி கேட்டுவிட்டான். நல்ல பிள்ளை. பால்கனியில் தேடினான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தான், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்க் கேட்டான். அந்த அம்மா மேலே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கோழியை நினைச்சுக் கவலைப்படாதீங்க தம்பி, கிடைச்சதும் கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் தலையாட்டினார். விளக்கப் போனால் சிரிக்க வேண்டியிருக்கும். சிரித்தால் அதற்குப் பின் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை.

வேலைக்குப் போனார். லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று கம்பி வடங்களுக்கு எண்ணெய் போடுகையில், கீழே பெட்டிக்குள் யாராவது பேசும் குரல் மேலே வரும். சாமான் வாங்க மறந்ததற்கு ஒருத்தி புருஷனைத் திட்டுவாள். அவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கதவு திறக்கும், சத்தம் போய்விடும்.

வருஷம் முடியப்போகிறது, ஓய்வுக்காலக் கணக்கில் இந்த வருஷத்து வரம்பு வீணாகிவிடும், எந்தக் கணக்கு என்று சொன்னால்தான் தங்கம் வாங்க முடியும் என்று முதலீட்டு அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். அங்கே இருந்தவருக்கு இவர்கள் வைத்த பெயர் டைக்காரர். எந்த வெயிலிலும் டையைத் தளர்த்தாத மனிதர். இவர் போகும்போதே தீர்மானித்துக்கொண்டுதான் போனார். கூண்டு. அவளுக்காகச் செய்ய மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அவளிடம் தோற்றுப்போவது. அதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும்.

டைக்காரர் துக்கம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் சார். அன்னைக்குக் காலையில மேடம் போன் பண்ணாங்க. 'அவர் இஷ்டப்படியே முற்றத்துல விட்டுருங்க, ஜெயிச்சிட்டுப் போகட்டும்'னாங்க. எந்தக் கணக்கைச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியல. கேக்கறதுக்குள்ள, 'நீங்க அவர்கிட்ட சொல்லிடாதீங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கறேன்'னு சிரிச்சிட்டு வச்சிட்டாங்க. அதனாலதான் நான் இதுவரைக்கும் சொல்லல. முற்றம்னா என்ன சார்?"

தோற்கலாம் என்று வந்த இடத்தில் அவள் முந்திக்கொண்டு தோற்றிருந்தாள். இனி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கம் காலி. முற்றம் என்றால் என்ன என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இப்போது அவர் மட்டும்தான். சொல்லிக்கொடுத்தால் இந்த மனிதருக்கும் தெரியும், தெரிந்து என்ன?

"ரெண்டுலயும் இல்லாம இப்படியே வச்சிருக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியாதாம். வாங்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்போ ஓய்வுக்காலக் கணக்குல போடுங்க."

"மேடம் சொன்னது அதுதானா சார்?"

"அவ வீட்டுக்கு வந்து சொல்லல. வந்து சொல்ற வரைக்கும் அவ கட்சி கூண்டுதான்."

டைக்காரர் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்கப் பிடிக்காமல் நடந்தே வந்தார். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று அன்று சொன்னது தானேதான் என்பது நினைவுக்கு வந்தது. கட்டடத்துக்கு வந்து படியேறத் தொடங்கினார்.

கீழ்வீட்டில் தையல் இயந்திரச் சத்தம் நின்றது. தையல்காரம்மா வாயில் நூலோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, கோழி கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சுக்கா. கூண்டுல விட்டாச்சு."

"நல்லதாப் போச்சு. முட்டை வைக்குதா?"

"இல்லக்கா" என்றார். "அது வைக்காது."