சோப்பு டப்பா

நாலு ஆண்கள் சேர்ந்து தள்ளியும் கார் அசையவில்லை.

அவள் கணவரின் உடலை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் இந்தச் சின்னக் காரை ஓரம் கட்டினால்தான் அது உள்ளே வர முடியும். தள்ளியவர்களில் ஒருவர் மூச்சு வாங்க நிமிர்ந்து, "டயர் ஒட்டிக்கிச்சா என்ன?" என்றார். கொழுந்தன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்குய்யா. நேத்து அண்ணன் போட்டது. காரை கிரேன்ல தூக்கிட்டு வந்தவன் அப்படியே இறக்கி வெச்சுட்டுப் போயிருக்கான்."

முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கிடத்துவதற்காக அவளுடைய தையல் மெஷினைச் சுவரோரம் நகர்த்தியிருந்தார்கள். பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்று இன்னும் ஊசியில் மாட்டியபடியே தொங்கியது.

கொழுந்தன் பிரேக்கை விடுவித்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஆனால் தாழ்த்தியும் கேட்கிற குரல் அவருக்கு. "நெஞ்சு வலி வந்திருக்கு. அப்பவும் பாருங்க, ஓரம் கட்டி, இன்டிகேட்டர் போட்டு, பிரேக்கும் போட்டிருக்காரு. உயிர் போனாலும் பெயிண்ட் போகக்கூடாது எங்க அண்ணனுக்கு."

யாரோ சிரித்தார்கள். பிறகு இருமி மறைத்தார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்டிகேட்டர் போட நேரம் இருந்திருக்கிறது. பிரேக் போட நேரம் இருந்திருக்கிறது. சட்டைப் பையிலேயே இருந்த போனை எடுத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல மட்டும் நேரமில்லை அந்த மனுஷனுக்கு. நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் கட்டிக்கொண்டு அழுதபோதும் இதையேதான் நினைத்தாள்.

அவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். வேலைக்காலம் முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கியதில் எந்த வீட்டில் என்ன கார் நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு நின்ற இந்தக் குட்டிக் கார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதைக் கவனித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஊரே அதைச் சோப்பு டப்பா என்று கேலி செய்தது. ஓய்வு பெற்றதும் மனுஷன் எங்கேயோ தேடிப் பிடித்து, வெளிறிய பச்சையில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"பெரிய காரையெல்லாம் ஜனங்க பொத்திப் பொத்தி வெச்சிருக்காங்க. இதை மட்டும் ஓட்டித் தேச்சுத் தூக்கிப் போட்டுட்டாங்க. இன்னும் பத்து வருஷம் போகட்டும். கிளாசிக்னு சொல்லிக் கும்பிடுவாங்க, பாரு."

"அப்ப நமக்கு என்ன வயசு ஆகும்னு கணக்குப் போட்டீங்களா?"

"காரோட வயசை மட்டும்தான் போட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் காரை அவள் திட்டாத நாளில்லை. ஆனால் இன்று காலையிலிருந்து ஊரே அதைத் திட்டிக்கொண்டிருந்தது. "இந்த வயசுல இந்தக் கட்டை ஸ்டியரிங்கைத் திருப்பினா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சொன்னா கேட்டாத்தானே" என்றார் அவருடன் வேலை பார்த்தவர். ஒவ்வொன்றும் அவளே சொன்ன சொல்தான். தன் வீட்டுப் பாத்திரத்தை எடுத்து அடுத்தவர்கள் புழங்குவதைப் பார்ப்பது போல இருந்தது. திட்டுகிற பாத்தியதை இவர்களுக்கு யார் கொடுத்தது?

அவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மாலைகள் வந்தன. ஆட்கள் வந்து, நின்று, போனார்கள். மதியம் எடுக்கலாம் என்று முடிவாயிற்று.

அதற்குச் சற்று முன்னால் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பழைய இரும்பு எடுக்கிறவருடைய லாரி. அவர் இறங்கி, சங்கிலியைக் கையில் எடுத்தவர், உள்ளே மாலைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"யாரு கூப்பிட்டது?"

கொழுந்தன் முன்னால் வந்தார். "நான்தான் அண்ணி. நீங்க உள்ள போங்க, நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துப்பீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணி. இது இங்கயே நின்னா, பாக்கப் பாக்க உங்களுக்கு அழுகைதான் வரும்."

"நான் அழுதேனா? நேத்துலருந்து ஒரு சொட்டு அழுது நீங்க பாத்தீங்களா?"

கொழுந்தன் லாரிப் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அழுகை வரல. கோவம்தான் வருது. அதை எங்க கொண்டுபோய்ப் போடறது? அதையும் இந்த லாரில ஏத்திடுவீங்களா?"

"அம்மா, மெதுவா…" என்று மகள் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. அவர் இன்னும் வீட்டை விட்டுப் போகல. உள்ள படுத்திருக்கார். அதுக்குள்ள அவர் பொருளைக் காலி பண்ண இவருக்கு என்ன அவசரம்? ரெண்டு வருஷத்துக்கு ஒரு கார் மாத்தறவர் இவர். எதுலயாவது ஒரு கீறல் விழற வரைக்கும் வெச்சிருந்ததுண்டா?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கொழுந்தனின் முகம் சிவந்தது. "வயித்தெரிச்சல்ல பேசறீங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

லாரிக்காரர் சங்கிலியை ஓசைப்படாமல் வண்டிக்குள் வைத்தார். "துக்க வீடுன்னு எங்கிட்ட சொல்லலம்மா. சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றார். உள்ளே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரியைப் பின்னால் எடுத்துப் போனார். வந்தவர்களிலேயே அவர் கும்பிடுதான் அவளுக்கு உண்மையானதாகப் பட்டது. அதற்கும் கோபம் வந்தது.

மதியம் அவரை எடுத்துப் போனார்கள். அவளும் கூடப் போனாள். முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. உறவினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கொழுந்தன் போகும்போது, "வரேன் அண்ணி" என்று மட்டும் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள். வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துப் போனார்கள். மகள் உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கையில் காய்கறிப் பையோடு ஒருவர் தெருவில் போய்க்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டிப் போனவர், நின்றார். திரும்பி வந்தார். குனிந்து காரின் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இது உங்க வண்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முன் கிரில்லுகூட கம்பெனியோட வந்ததே இருக்கே! இந்தப் பச்சையைப் பாத்து எவ்வளவு வருஷம் ஆச்சு. ஆசையா வெச்சிருக்கீங்கம்மா. விட்டுடாதீங்க. இன்னும் கொஞ்ச காலத்துல இதுக்குப் பெரிய மவுசு வரும், பாருங்க."

அவள் எழுந்தாள். கேட்டை நோக்கி நடந்து வந்தாள்.

"நீங்க நேத்து எங்க இருந்தீங்க?"

"என்னம்மா?"

"போன வாரம்? போன மாசம்? ஞாயித்துக்கிழமை ஆனா காலைல இந்தக் கேட்டை விரியத் திறந்து வெச்சுட்டு, மத்தியானம் வரைக்கும் துடைப்பார். தூசி வருது, மூடுங்கன்னு நான் மெஷின்ல இருந்தே கத்துவேன். இருக்கட்டும்னுவார். எதுக்குன்னு எனக்குப் புரியல. யாராவது ஒருத்தர், உங்களை மாதிரி ஒரே ஒருத்தர், நின்னு ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு திறந்து வெச்சிருக்கார். ஒரு ஆளும் நிக்கல. நேத்து வந்திருக்கக் கூடாதா நீங்க?"

"நான் இந்தப் பக்கம் வர்றதே இன்னிக்குத்தாம்மா…" என்றவர், வாசலில் உதிர்ந்து கிடந்த பூக்களை அப்போதுதான் பார்த்தார். குனிந்து பையை எடுத்துக்கொண்டார். "தெரியாம கேட்டுட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா."

"எங்க போறீங்க?"

அவர் நின்றார்.

"வந்தாச்சுல்ல. பாத்துட்டுப் போங்க. என்ஜினைப் பாக்கலையே இன்னும்."

அவள் கார்க் கதவைத் திறந்து உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தாள். முன்பக்க மூடி 'டக்'கென்று எழும்பியது. அதைத் தூக்கினாள். முட்டுக்கொடுக்கிற கம்பி எப்போதோ உடைந்து போயிருந்தது.

"பிடிச்சாத்தான் நிக்கும்" என்றாள். "நீங்க பாருங்க."

அவர் தயங்கித் தயங்கிக் குனிந்தார். பிறகு மெல்ல மெல்ல முகம் மாறி, ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். அவள் தலைக்கு மேல் கையை உயர்த்தி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.