ஷுக்ரிக்காக ஒரு கடையடைப்பு

கெய்ரோவில், சைய்யிதா ஸைனப் பேட்டைப் பக்கம் ஒரு கடைக்காரர் செத்தால் அவர் கடையை மூன்று நாள் அடைத்துப் போடுவார்கள். ஏன் என்று கேட்கிறவன் அந்தத் தெருவில் பிறந்தவனாக இருக்க மாட்டான். ரிஃபாத் அங்கேதான் பிறந்தார். அண்ணன் ஷுக்ரியோடு தள்ளுவண்டியில் கொஷாரி விற்று, அதே தெருவில்தான் முதல் கடையும் போட்டார். சோறும் பருப்பும் மக்ரோனியும் கிளறியது அண்ணன். ஊர் ஊராகப் பறந்து கிளை திறந்தது தம்பி. ரியாத், கோலாலம்பூர் என்று போய், நாளை லண்டன் என்றிருந்தபோது அண்ணன் கண்ணை மூடிவிட்டார்.

"முதல் கடையை மட்டும் அடைச்சிடு, ரிஃபாத். வேற எதுவும் நான் கேக்கல. உங்கண்ணன் நின்ன இடம் அது," என்றார் அண்ணி இன்ஸாஃப்.

"சரி அண்ணி."

பொய் சொல்லவில்லை. அன்று யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் சரி என்றுதான் வந்தது. கபரில் மண் தள்ளியபோதுகூட அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பிறகு லண்டனிலிருந்து போன் வந்தது. திறப்பு விழாவில் பெரிய திரை வைத்து, கெய்ரோவின் முதல் கடையைக் கூட்டத்தோடு நேரலையில் காட்டப் போகிறார்களாம். பணம் போட்டவர்கள் வருவதே அதைப் பார்க்கத்தானாம். அனுதாபம் தெரிவித்துவிட்டுத்தான் பேசினார்கள், குறை சொல்ல முடியாது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் சரி என்றார்.

மறுநாள் கடை திறந்தே இருந்தது. ரிஃபாத் துக்கப் பந்தலில் சர்க்கரை போடாத காப்பியைக் குடித்தபடி, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். விழா அமோகம் என்று செய்தி வந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். மற்றவர்கள்தான் சாப்பாடு அனுப்ப வேண்டும். முதலாளி வீட்டுத் துக்கமாயிற்றே என்று அலுவலகத்தில் எவனோ ஒரு நல்ல பிள்ளை, முதல் கடையிலிருந்தே பெட்டி பெட்டியாகக் கொஷாரி அனுப்பிவைத்தான். ரிஃபாத் வீட்டுக்குள் போனபோது அண்ணி ஒரு பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சூடா இருக்கு," என்றார். "நம்ம தெருவுலேர்ந்துதான வருது?"

"ஆமா அண்ணி."

"அடைச்சாச்சுன்னு வந்தவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருந்தேன்." பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். "நீயே சாப்பிடு."

கோபத்தில் சொன்னாரா, களைப்பில் சொன்னாரா தெரியவில்லை. சாப்பிடு என்றதும் ரிஃபாத் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். மேலே தூவிய பொரித்த வெங்காயம் மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று மென்று பார்த்தார். இருந்தது.