முத்துமாலை தீட்டிய சக்கரங்கள்

"ஏலே, அந்த மேசையத் தூக்குங்க. ஐஸ் பெட்டி வந்துட்டு" என்று செந்தூர்பாண்டி வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

தூக்கப் போனவர்கள் தயங்கி நின்றார்கள். ஆறடிக்கு நாலடிப் பலகை, முன்னறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் தீப்பெட்டி அளவில் நூற்றுக்கு மேற்பட்ட டாங்குகள் இரண்டு படையாகப் பிரிந்து எதிரெதிரே நின்றன. நடுவில் தெர்மாகோலில் வெட்டிய குன்றும் ஒரு பாலமும் இருந்தன. தேரிக்காட்டுச் செம்மண்ணைச் சலித்து ஒட்டிய சாலை ஒன்று பாலத்தைக் கடந்து போனது. சனிக்கிழமை மகாராஜன் பரப்பி வைத்த ஆட்டம் அது. ஞாயிறு காலையில் குளியலறையில் விழுந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

"இந்தப் பொம்மையெல்லாம் எங்கன போட, வடிவு?"

மகாராஜனின் மனைவி சுடலைவடிவு சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். "பின்னால அரிசிச் சாக்கு கெடக்கு அத்தான்" என்றாள்.

தம்பியின் இரண்டு படைகளையும் செந்தூர்பாண்டி முழங்கையால் ஒதுக்கிச் சாக்கில் தள்ளினார். ஊசி மாதிரியான பீரங்கிக் குழல்கள் ஒடியும் சத்தம் கேட்டது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை.

மகாராஜன் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவன். ஆறு மணிக்கு வருவான், காப்பியைக் குடிப்பான், மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டுகளை நறுக்கி, அரம் போட்டு ராவி, பசை வைத்து ஒட்டுவான். மொட்டை மாடியில் கொண்டுபோய் முதல் பூச்சு அடிப்பான். பிறகு மூன்று மயிர்த் தூரிகையால் பச்சை, பழுப்பு, துரு, சேறு. ஒரு டாங்க்குக்கு ஒரு வாரம் ஆகும். இருபது வருஷத்தில் அவளிடம் பேசியதெல்லாம் காப்பி, கரண்ட் பில், வீட்டுச் சாவி.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, போனை மேசைக்கு மேல் மாட்டி, வீடியோவில் முன்பின் தெரியாத ஊர்க்காரர்களோடு பகடை உருட்டி விளையாடுவான். அப்போது சிரிப்பான். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து அவள் கேட்டிருக்கிறாள். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கல்யாணமான ஆறாம் வருஷம், ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் உயிரோடு இருந்தது. வடிவு தையல் வலியில் மயங்கிக் கிடந்தபோது, அண்ணனும் தம்பியுமாகத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். வீட்டுக்கு வந்ததும், "எங்கன வச்சிய?" என்று கேட்டாள். அவன் எதையோ ராவிக்கொண்டிருந்தான். "ஆத்துப் பக்கம்" என்றான். அதோடு சரி. குழந்தைக்குப் பேர்கூட வைக்கவில்லை. பதினாலு வருஷமாக அந்தப் பேச்சே இந்த வீட்டில் இல்லை.

மறுநாள், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒருவன் ஹெல்மெட்டும் மாலையுமாக வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மாலையைப் போட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். சொந்தக்காரர்கள் யாரும் அப்படி அழுதிருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, நான் ரெக்சன். தூத்துக்குடி ஹார்பர்ல கிரேன் ஓட்டுதேன். ஞாயித்துக்கிழமை அண்ணாச்சியோட விளையாடுத ஆளு. நேத்து ஆட்டத்துக்கு வரலையேன்னு போன் போட்டேன். அவிய அண்ணன் எடுத்துச் சொன்னாவ."

"ம்."

"பாப்பா எங்கக்கா?"

"எந்தப் பாப்பா?"

"முத்துமாலை. ஹாஸ்டல்லேருந்து கெளம்பிட்டாளா? ஆழ்வார்குறிச்சியில ஒம்பதாங் கிளாஸ் படிக்கால்லா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வடிவு எழுந்தாள். "இங்கன வாங்க" என்று அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே சாக்கைப் பார்த்ததும் ரெக்சன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஒடிந்த குழல்களைத் தரையில் தனியாக வைத்தான். கொஞ்ச நேரத்தில் முகம் மாறி, மூன்று டாங்குகளை உள்ளங்கையில் ஏந்தினான்.

"இது பாப்பா அடிச்சதுல்லா. அண்ணாச்சி போட்டோ எடுத்துப் போடுவாவ. இந்தச் சக்கரம் அவ ஆறு வயசுல அடிச்சது. பெயிண்டு கோட்டத் தாண்டி வழிஞ்சிருக்கு பாருங்க. இது ஒம்பது வயசுல, கொஞ்சம் படிஞ்சிட்டு. இது போன வருசம். அண்ணாச்சி கையே தோத்துரும்."

வடிவு வாங்கிப் பார்த்தாள். முதலாவதில் சக்கரங்களின் கறுப்பு கோணல்மாணலாகப் பச்சைக்குள் ஏறியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் காப்பி கொண்டுபோனபோது, அவன் இடக்கையில் தூரிகையைப் பிடித்து ஒரு சக்கரத்துக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. வலக்கை மணிக்கட்டு வலி போல என்று தைலத்தை எடுத்து வந்து வைத்தாள். அவன் அதை எடுத்து வலக்கையில் தடவிக்கொண்டான்.

"அவளப் பத்தி வேற என்ன சொல்லுவாவ?" என்று கேட்டாள்.

ரெக்சன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அழுத களைப்பில் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நெறையச் சொல்லுவாவக்கா. இருட்டுன்னா பயம். மாங்கா தின்னா வயித்து வலி வந்துரும், ஆனாலும் திம்பா. மூக்கு அப்படியே உங்க மூக்காம். உங்களுக்கும் அவளுக்கும் எப்பமும் சண்டையாம்லா? 'ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஆகாதுலே, நடுவுல நான் கெடந்து மாட்டிக்கிட்டு முழிக்கேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ."

"எதுக்குச் சண்டை?"

"தலை பின்னுததுக்கு. நீங்க இழுத்துப் பின்னுதியன்னு அழுவாளாம்."

வடிவு தன் விரல்களைப் பார்த்தாள்.

முன்னறையில் யாரோ பூவுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெக்சன் போனில் மணி பார்த்தான். "ரெண்டு மணிக்கு ஷிப்டு. பாப்பாவ ஒருவாட்டி பாத்துட்டுப் போகணும்னுதான் வந்தேன். எப்பம் வருவா?"

இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது. எதிரே அவன் கண் இன்னும் காயவில்லை.

"பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கா" என்றாள். "நேரமாவும்."

"அப்பம் நான் இருக்க முடியாதே." அவன் எழுந்தான். "தூத்துக்குடி மாமா வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க. படிப்ப மட்டும் விட்டுறக்கூடாதுக்கா. அண்ணாச்சிக்கு அதுதான் கவலை."

"சரி."

"ஒண்ணு கேக்கலாமா? அவ அடிச்சதுல ஒண்ணு தருவியளா? ஞாபகத்துக்கு."

"அது முடியாது."

அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. ரெக்சன் தலையை ஆட்டினான். அவள் காலால் சாக்கை அவன் பக்கம் தள்ளினாள்.

"அவிய அடிச்சதெல்லாம் கொண்டு போங்க. சாக்கோட எடுத்துக்கிடுங்க."

"அக்கா, இது அண்ணாச்சியோட இருவது வருச வேலை. எவ்வளவு..."

"எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

அவன் ஒடிந்த குழல்களைக்கூட விடாமல் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். சாக்கைப் பைக்கில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, தெருமுனை தாண்டும்வரை பைய உருட்டிக்கொண்டே போனான்.

மூன்று டாங்குகளையும் முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வடிவு முன்னறைக்கு வந்து மகாராஜனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இரவெல்லாம் கண் முழித்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"யாரு அந்தப் பையன்? ஏதோ பாப்பான்னானே?" என்று கேட்டாள் நாத்தனார் தேன்மொழி.

"வீடு மாறி வந்துட்டான் போல."

பெட்டிக் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்து வெளுத்து, அவன் நெற்றியும் மூக்கும் மங்கலாகத் தெரிந்தன. "முகமே தெரியலையே. பெட்டிக்காரரக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லுதேன்" என்று தேன்மொழி எழுந்தாள்.

வடிவு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கெடக்கட்டும்" என்றாள்.

பிடித்த கையை அவள் விடவில்லை. கண்ணாடி மெல்ல மெல்ல முழுதும் வெளுத்தது.