உப்பு மூட்டைக்குப் போட்ட பெல்ட்

மரக்காணத்தில் வால்வோ என்று சொன்னால் எல்லோருக்கும் பஸ்தான் நினைவுக்கு வரும். ஜெயசீலன் அந்தப் பெயரில் ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து மாதா கோயில் வாசலில் நிறுத்தியபோது, "இன்னாப்பா, வால்வோ வாங்கிட்டன்னாங்க, மீதி பஸ்ஸு எங்க?" என்று கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அவன் மனைவி ஜான்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஜெயசீலன் சிரிக்கவில்லை. கேட்டவர்களை எல்லாம் நிற்கவைத்துக் கதை சொன்னான்.

ஸ்வீடன் என்று ஒரு தேசம். வருஷத்தில் பாதி நாள் ரோட்டில் பனி உறைந்து கிடக்கும். அங்கே நூறு வருஷம் போல முன்னால் ஆரம்பித்த கம்பெனி இது. காருக்குள் உட்காருவது மனுஷன், அதனால் முதலில் உயிர், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது அவர்கள் கொள்கை. இடுப்புக்கும் மார்புக்கும் சேர்த்துப் போடுகிற பெல்ட்டை முதன்முதலில் காரில் வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த உரிமையைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"நீ ஓட்டுற டாக்ஸியில இருக்குதே பெல்ட்டு, அதுவும் அவன் வுட்டுக்குடுத்ததுதாண்டா" என்பான். "எங்கனா ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா இவன் கம்பெனி ஆளு அங்க போயி, நசுங்குன வண்டிய அளந்து பாப்பான். ஏன் அடிபட்டான், எப்படி அடிபட்டான்னு."

அவனை இப்படிப் பேசவைத்தது ஒரு சாவு. அவன் தம்பி பொம்மையார்பாளையம் வளைவில் பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்துப்போனான். உடம்பை வாங்கப் போனவன் ஜெயசீலன். அதற்குப் பிறகு அவன் இரண்டு சக்கர வண்டியில் ஏறவில்லை. இடையஞ்சாவடியில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார், காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், கையில் இருந்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

கார் வந்தது. ஜான்சி பஸ்ஸில் போவது நின்றது. ஷேர் ஆட்டோ கூடாது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டே பூசைக்கு நடந்து போவாளே, அதுவும் நின்றது. ரோட்டோரம் நடப்பவர்கள்மேல்தான் வண்டி ஏறுகிறதாம். இரவு சாப்பிடும்போது, கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வாசித்துக் காட்டுவான். சேலத்து வாத்தியார் ஒருவர் வண்டி மூன்று முறை உருண்டும் செருப்பு கழலாமல் இறங்கி வந்தாராம். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பெல்ட் பட்ட தழும்பு மட்டும்தானாம், பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம்.

"ஏங்க, அப்ப என்னியும் பீரோவுல வச்சிப் பூட்டிடுங்களேன், நிம்மதியா இருக்கும்" என்பாள் ஜான்சி.

"வெளாடாத. எனக்கு நீ ஒருத்திதான் இருக்க."

பயத்தோடு யாரும் சண்டை போட முடியாது.

ஜெயசீலனுக்குக் குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்திகள் கொஞ்சம் உண்டு. எக்கியார்குப்பத்தில் கருவாடு போடுகிறவர்களுக்கு வாரா வாரம் உப்பு கொண்டுபோய்க் கொடுப்பான். பின்னால் அடுக்கியது போக ஒரு மூட்டையை முன் இருக்கையில் வைப்பான். வைத்ததும் கார் கத்த ஆரம்பிக்கும். இருக்கையில் பாரம் இருந்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று டிங் டிங் என்று அடித்துக்கொண்டே வரும். சத்தத்தை நிறுத்த வெறும் கொக்கியை வாங்கிச் சொருகுகிறவர்கள் உண்டு. ஜெயசீலன் அதைப் பாவம் என்பான். உயிரைக் காக்க வைத்த ஒன்றை ஏமாற்றலாமா? அதனால் உப்பு மூட்டைக்கே முறையாகப் பெல்ட்டைப் போட்டுவிடுவான். நேர்மையான மனுஷன் செய்த நேர்மையான தப்பு. வாரியெடுத்த ஈர உப்பு மூட்டையிலிருந்து கசிந்து, பெல்ட் மாட்டுகிற பூட்டுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஆனால் காருக்கு எதுவும் ஆகாது என்று அவன் நம்பிவிட்டான்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு மழை பெய்தது. மறுநாள் நல்ல வெயில். அடுத்த மழைக்குள் உப்புக் குவியலை மூடிவிட வேண்டும் என்று, கார் பின்னால் பனையோலையை அடைத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். பின்னால் இடம் இல்லாததால் ஜான்சி முன்னால் உட்கார்ந்தாள். பெல்ட் ஒரு தரத்தில் மாட்டவில்லை. ஜெயசீலன் எட்டி அழுத்தினான். மணலை மென்றது போல ஒரு சத்தத்தோடு உள்ளே போனது.

உப்பளத்துக்குள் போகிற பாதை வாய்க்கால் கரைதான். கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கழிவெளி ஏரியின் தண்ணீரைப் பாத்திகளுக்குக் கொண்டுவருகிற வாய்க்கால் அது. மேலே காய்ந்து வெளுத்துக் கிடந்த கரைக்குள் முந்தின நாள் மழை ஊறியிருந்தது. இடது சக்கரத்தின் கீழ் கரை சத்தமில்லாமல் இறங்கியது. கார் மெதுவாக, ஒரு மாடு படுப்பது போலச் சாய்ந்து, வாய்க்காலுக்குள் இடது பக்கமாகப் படுத்துவிட்டது.

அடி ஒன்றும் இல்லை. பெல்ட் இருவரையும் பிடித்துக்கொண்டது. ஜான்சி கீழே கிடந்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடி சேற்றில் பதிந்திருந்தது. ஜெயசீலன் அவளுக்கு மேலே தொங்கினான். அவன் பெல்ட் கழன்றது. வானத்தைப் பார்த்துக் கிடந்த கதவை முட்டித் திறந்துகொண்டு வெளியே ஏறி, திரும்பக் குனிந்து அவள் பெல்ட்டின் பொத்தானை அழுத்தினான். அது பாதி இறங்கி நின்றுவிட்டது. இரண்டு கையாலும் அழுத்தினான். காலால் மிதித்தான். பூட்டின் வாயில் வெள்ளையும் செம்மையுமாக ஏதோ பூத்திருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள்.

"ஐயோ ஜான்சி" என்றான்.

பெல்ட்டுக்குள்ளிருந்து நழுவிவிடலாம் என்று பார்த்தாள். வண்டி சாய்ந்திருந்ததால் அது இழுத்துப் பிடித்து, ஒரு விரற்கடைகூட விட்டுக்கொடுக்கவில்லை. இடுப்பில் ஈரம் ஏறியது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது கடல் ஏறுகிற நேரம். வாய்க்காலில் தண்ணீர் இன்னும் மாலைவரை உயரும் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"பயர் சர்வீஸுக்குப் போன் பண்ணிட்டேன். நான் ரோட்டுக்கு ஓடி ஒரு கத்தி வாங்கியாந்துர்றேன். இங்கியே இரு" என்றான்.

"வேற எங்க போவேன்?" என்றாள் ஜான்சி.

அவன் ஓடுகிற சத்தம் தேய்ந்தது. மேலே திறந்த கதவில் ஒரு சதுர வானம். உப்பளத்து வெளிச்சத்தில் கண் கூசியது. பனையோலை நனைந்து கழுத்தில் உராய்ந்தது. கையை நீட்டினால் எதிலும் பிடி இல்லை. தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. கத்தினாள். தன் குரல் காருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே போகாதது போல இருந்தது. இந்தப் பெட்டிக்குள் இத்தனை நாளாகவே இருக்கிறோம், இன்றைக்குத்தான் தண்ணீர் வந்தது என்று ஒரு எண்ணம் வந்தது. உடனே அவன் ஓடிய ஓட்டத்தை நினைத்து அந்த எண்ணத்துக்காக வருந்தினாள்.

சதுர வானத்தில் ஒரு தலை தெரிந்தது. துணியைச் சும்மாடாகக் கட்டிய தலை.

"யாரு உள்ள? ஐயோ, ஜான்சியக்காவா?"

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற அம்சவல்லி. அவளுக்குப் பின்னால் அந்தப் பாத்திக்காரர் சிவஞானம். ஜான்சி பெல்ட்டைக் காட்டினாள். சிவஞானம் தன் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார்.

"இத்த உள்ள வுட்டா பெல்ட்டு அறுபடாதும்மா, உன் வயித்துலதான் எறங்கும்."

"நாம ரெண்டு பேரும் சேந்து வண்டிய நிமித்தலாமா மாமா?" என்று அம்சவல்லி கேட்டாள்.

"முப்பது பேரு வேணும். தேர் மாதிரி கனம் கனக்குது."

அம்சவல்லி அதற்கு மேல் யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கதவு வழியாக உள்ளே இறங்கினாள். இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் எப்படியோ உட்கார்ந்து, ஜான்சியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எதுக்குடி எறங்குன? வண்டி இன்னும் அமுங்கிச்சின்னா?"

"அமுங்கட்டும். உனக்கு ஒரு ஆள் வாணாமா?"

ஜான்சி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம். பாதியில் வார்த்தை நின்றுபோனது. எவ்வளவு தேடியும் அடுத்த வார்த்தை வரவில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

"மொதல்லேர்ந்து சொல்லுக்கா. நானும் கூடவே சொல்றேன்" என்றாள் அம்சவல்லி. அவளுக்கு அந்த ஜெபம் தெரியாது. அவள் வீட்டுச் சாமி திரௌபதி அம்மன். ஜான்சி ஒரு வார்த்தை சொல்ல, அவளும் அதையே சொன்னாள். அப்படிச் சொல்லச் சொல்ல, விட்டுப்போன இடத்தில் வார்த்தை தானாக வந்தது.

தண்ணீர் மார்புக்கு ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அம்சவல்லி தலையைத் தூக்கிப் பிடித்தாலும் பயனில்லை. சிவஞானத்தைக் காணவில்லை. வெளியே மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. தொப் தொப் என்று நிதானமான சத்தம். பிறகு தண்ணீர் ஒரு பக்கமாக உருண்டு ஓடுகிற ஓசை.

ஜான்சி தன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் பூ வேலைப்பாட்டில் ஒரு பூ மூழ்கியிருந்தது. அதற்கு மேல் தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பூ வெளியே தெரிந்தது.

அம்சவல்லி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அக்கா, மாமா வரப்ப வெட்டி வுட்டுட்டாரு. வாய்க்கா தண்ணியெல்லாம் அவரு பாத்தியில பாயுது."

"அதுல உப்பு இருக்குதே!"

"இந்த வருஷத்துக்குக் கடைசி வாரு. காத்தாலேர்ந்து நானும் அவரும் வாரி வச்சது. எல்லாம் சேறாப் போவுது."

"வாணாம்னு சொல்லு, அம்சா! அண்ணே, வாணாம்ணே!"

வெளியிலிருந்து சிவஞானத்தின் குரல் வந்தது. "சும்மா கெடம்மா. பேசுனா வாயில சேறு பூந்துடும்."

பாத்தி ஆழம் இல்லாதது. நிரம்பிவிட்டால் தண்ணீர் மறுபடி ஏறும். ஏறத்தான் செய்தது. அவர் அடுத்த வரப்பை வெட்டினார். அதுவும் அவருடையதுதான். அதற்கடுத்ததையும் வெட்டினார். கடவுள் பெரிய கையை நீட்டிக்கொண்டு வருவார் என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவர் பல நேரம் இப்படி ஒரு மண்வெட்டியோடு, வாய் பேசாமல் வருகிறார்.

கரைமேல் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. மீன் கூடை கட்டிய வண்டியை ஓட்டிவந்தவள் எக்கியார்குப்பத்துக் கொளஞ்சியம்மாள். பின்னால் ஜெயசீலன் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தான்.

"எறங்குய்யா, வந்தாச்சு. கண்ணத் தொற" என்றாள் கொளஞ்சியம்மாள். கத்தியை எடுத்துக் காருக்குள் நீட்டினாள். "வஞ்சிரம் வெட்டுற கத்தி, நாத்தம் அடிக்கும். கோச்சிக்காத தாயி."

பெல்ட்டை அறுத்தது அம்சவல்லிதான். ஜெயசீலன் கதவு மூடிவிடாமல் பிடித்துக்கொண்டான். தடித்த நாடா சுலபத்தில் விடவில்லை. நூல் நூலாகப் பிரிந்தது. கடைசி இழை அறுந்ததும் ஜான்சி தண்ணீருக்குள் சரிந்தாள். அம்சவல்லி கீழிருந்து தள்ள, மேலே இரண்டு பேர் இழுத்துக் கரையில் போட்டார்கள். மேலே வந்தவள் ரொம்ப நேரம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசீலன் பக்கத்தில் உட்கார்ந்து, "நாந்தான். எல்லாம் நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"ஆமா, நீங்கதான்" என்றாள் ஜான்சி. அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தீயணைப்பு வண்டி வந்தபோது காரைத் தூக்குகிற வேலைதான் மிச்சம் இருந்தது. சிவஞானம் கலங்கிய தன் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வருஷம் போவட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சேறு பாய்ந்த பாத்தி அப்படியே கிடந்தால் அடுத்த வருஷமும் வெள்ளை உப்பு விளையாது. தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, தரை இறுகும்வரை காலால் மிதிக்க வேண்டும். வரிசையாக நின்று, காலோடு கால் ஒட்டி, விட்ட இடம் இல்லாமல் மிதித்துப் போக வேண்டும். வழக்கமாக மழைக்காலம் போய் தை மாதத்தில் செய்கிற வேலை அது. தை பிறந்ததும் மூன்று பேரும் சிவஞானத்தின் பாத்திக்குப் போனார்கள். வீட்டிலிருந்து உப்பளம் வரை, ஜான்சியை நடுவில் விட்டு, ஒரு பக்கம் அம்சவல்லியும் இன்னொரு பக்கம் ஜெயசீலனுமாக நடந்துதான் போனார்கள். ஜெயசீலன் ஒவ்வொரு லாரிக்கும் ஒதுங்கி நின்றான். ஆனால் நடந்தான்.

"ஏம்பா ஸ்வீடன்காரா, குதிகால ஊனி மிதி. கோலம் போடுறியா?" என்றாள் அம்சவல்லி.

அவன் ஊன்றி மிதித்தான். ஜான்சி பாத்தியின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினாள். காலுக்குக் கீழே சேறு குளிர்ந்து இறுகியது. வரப்பில் நின்றிருந்த சிவஞானம் குனிந்து பார்த்து, "அந்த மூலை இன்னும் எளகுது" என்றார். மூன்று பேரும் அந்த மூலைக்குப் போனார்கள்.