கண்ணாடிப் பவுடர்

நிலக்ஷனாவின் பிள்ளை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது.

பிள்ளை என்றால் படம்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கேன் படம். ஏழாம் மாதத்தில் பதுளையில் எடுத்தது. கறுப்புக்குள்ளே சாம்பல் நிறத்தில் பக்கவாட்டில் ஒரு முகம், நெற்றி, சற்றே தூக்கிய மூக்கு, தாடைக்குக் கீழே மடக்கிய ஒரு கை. ஒன்பதாம் மாதம் தொடங்கிய கையோடு வயிற்றுக்குள்ளேயே அதன் இதயம் நின்றுவிட்டது. யார் மேலும் பிழை இல்லை, சில நேரம் இப்படி நடக்கும் என்றார்கள். பிழை சொல்ல ஒரு ஆளாவது கிடைத்திருந்தால் அவளுக்கு அழுவதற்கு ஒரு திசையாவது இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வெளியே எடுத்த ஆபரேஷனின் மயக்கம் அவளுக்குத் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் பிள்ளை என்றார்கள். அவள் புருஷன் றொமேஷ் சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஊரான ஹாலிஎலைக்குப் போய், தேயிலைத் தோட்டத்து மயானத்தில் புதைத்துவிட்டும் வந்திருந்தான். ஞானஸ்நானம் இல்லை, பெயர் இல்லை, பெற்றவள் பார்க்கவும் இல்லை. பார்த்தவன் அவன் ஒருவன்தான். முகம் எப்படி இருந்தது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவனாகவும் சொல்லவில்லை. மறுமாதமே கொழும்பில் ஹாட்வெயார் கடை வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். கல் நெஞ்சுக்காரன் என்று அவள் மனதில் முடிவு கட்டினாள்.

அந்த ஸ்கேனைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். எடுத்துத்தான் வைத்திருந்தாள். அந்த முதல் மாதம் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் போனையே பார்த்துக்கொண்டு கிடந்ததைக் கண்டு, நல்லது செய்கிறேன் என்று றொமேஷ் அதை அழித்துவிட்டான். நல்லது செய்கிறவர்களிடமிருந்து எந்தக் கர்த்தர் நம்மைக் காப்பாற்றுவாரோ தெரியாது. கிளினிக் கார்டுக்குள்ளே கிடந்த அசல் படம் மட்டும் தப்பியது.

அதுவும் ஒன்றரை வருடத்தில் போகத் தொடங்கியது. கறுப்பு பழுப்பாகி, மடக்கிய விரல்கள் முதலில் காணாமல் போயின. செப்டெம்பரில் தாடை போனது. நெற்றியும் மூக்கும் மட்டும் மிச்சம். வெயில் படாமல் பைபிளுக்குள் வைத்துப் பார்த்தாள், பொலித்தீனில் சுற்றிப் பார்த்தாள். அது பாட்டுக்கு மங்கிக்கொண்டே இருந்தது. மூக்கும் போய்விட்டால் தனக்குப் பிள்ளை இருந்தது என்று சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

நிலக்ஷனாவின் கைத்தொழிலே பளபளப்புதான். தோட்டத்து லயத்துக் காம்பிராவின், அந்த ஓரறை வீட்டின், ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு வாழ்த்து அட்டை செய்வாள். கோயிலில் பிள்ளைகள் வாங்கும் முதல் நன்மை, கலியாணம், பிறந்தநாள், எது வந்தாலும் செய்வாள். போனில் வீடியோ பார்த்துப் படித்தது. பண்டாரவளையில் லேசும் பொத்தானும் அட்டைக் கடதாசியும் விற்கிற றுஸைனாதான் அவளுக்குச் சாமான் கொடுப்பது, ஓடர் பிடித்துத் தருவதும் அவள்தான். போன வருடம் றுஸைனா ஒரு புதுப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இதுட இங்கிலீஷ் பேர் எனக்கு வாய்க்குள்ள வருதில்ல புள்ள. நான் கண்ணாடிப் பவுடர்னு வச்சிட்டேன். செஞ்சு பாரு.”

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. அட்டையில் எழுத்தைப் புடைக்க வைக்கிற மற்ற எம்போசிங் பவுடர் முகப் பவுடர் போல மெல்லியது. இதுவோ சீனி போலக் குறுணி குறுணியாக, பால் வெள்ளையாக இருக்கும். அட்டையில் பசை மையைத் தடவி, இதைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டினால் குறுணி எல்லாம் உருகி ஒன்றாகி, தெளிந்துவிடும். சூடு ஆறுவதற்குள் இரண்டாம் பூச்சு, மூன்றாம் பூச்சு. ஆறியதும் பார்த்தால் அட்டைக்கு மேல் கண்ணாடி வைத்து ஒட்டியது போல இருக்கும். ஒரே ஒரு சூட்சுமம், முதலில் அடியிலிருந்து சூடு காட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் மேலிருந்து காட்டினால் காற்றுக்குத் தூள் பறந்து மேசையெல்லாம் கொட்டும்.

ஒரு முதல் நன்மை அட்டையில் வடிகால் ஓரத்துப் பன்னச் செடியின் இலை ஒன்றை வைத்து மூன்று பூச்சுக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இலை பச்சை மாறாமல் இருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் விழுந்தது. காற்றுப் படாமல் மூடிவிட்டால் எதுவும் மங்காது. பிள்ளையின் படத்தை இப்படி மூடி, நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் தினத்துக்கு மயானத்துக்குக் கொண்டுபோய், முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். மழைக்கும் பயமில்லை. அதற்கு றொமேஷும் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தான்.

அவசரக்காரி என்று அவளை யாரும் சொல்ல முடியாது. நாலு தடவை ஒத்திகை பார்த்தாள். கலண்டர் தாளில் ஒன்று, பள்ளிக்கூட நாளில் எடுத்த பாஸ்போட் படத்தில் ஒன்று, கலியாணப் படத்தின் மேலதிகப் பிரதிகளில் இரண்டு. எல்லாம் தெளிவாக வந்தன. கலியாணப் படத்தில் றொமேஷின் மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. தட்டிய தூளைப் பிடித்து மறுபடி போத்தலில் கொட்டுவதற்கு றுஸைனாவின் கடையில் தந்த பில்லை இரண்டாக மடித்து வைத்திருந்தாள். ஹீட் கன் அந்தப் பக்கம் திரும்பியபோது பில்லின் ஓரம் சட்டென்று கறுத்தது. கருகிவிட்டது என்று கசக்கி அடுப்பில் போட்டாள். ஒரு நிமிடம் அதை விரித்துப் பார்த்திருந்தால் போதும். யாருக்குத்தான் பில்லை விரித்துப் பார்க்கத் தோன்றும்?

ஒக்டோபர் கடைசி நாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டினாள். மூக்கின் மேல் அழுத்தம் படாமல், ஒற்றி ஒற்றிப் பசை மை வைத்தாள். பவுடரைத் தூவினாள். படம் வெள்ளைக் குறுணிக்குள் மறைந்தது. குறடால் அட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, அடியிலிருந்து சூடு காட்டினாள்.

குறுணிகள் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, மெல்ல உருகின. தெளிந்த இடத்தில் கறுப்பாக இருந்தது. அது படத்தின் கறுப்புத்தானே என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் தெளிந்தால் நெற்றி தெரியும். இன்னும் காட்டினாள். எல்லாம் தெளிந்தது. எல்லாம் கறுப்பாக இருந்தது. பவுடர் சரியாக உருகவில்லையாக்கும் என்று மேலேயும் சூடு காட்டினாள். முதல் பூச்சு அடைத்துக்கொண்டுவிட்டது, இன்னொரு பூச்சுக் கொடுத்தால் இளகிச் சரியாகிவிடும் என்று இரண்டாவது போட்டாள். பிறகு மூன்றாவது. இளகியது, பளபளத்தது, கண்ணாடியாகத் தெளிந்தது. கண்ணாடிக்கு அடியில் பிள்ளை இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போனாள். றுஸைனா கடைக் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, அட்டையைப் போட்டுக் கொண்டுவந்த பிஸ்கட் டின்னை நிலக்ஷனா மேசையில் வைத்தாள்.

“அக்கா, இந்தப் பவுடர கழட்ட ஏலுமா? எப்புடியாவது ஏலுமா?”

றுஸைனா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன படம் என்று கேட்டாள். நிலக்ஷனா சொன்னாள். றுஸைனாவின் முகம் மாறியது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பில் மெஷினிலிருந்து ஒரு துண்டு வெள்ளைப் பில் கடதாசியைக் கிழித்து, விற்பனைக்கு வைத்திருந்த ஹீட் கன்னை எடுத்து அதற்குச் சூடு காட்டினாள். தீயில்லை, புகையில்லை. கடதாசி ஒரு மூச்சில் கறுத்துப்போனது.

“இது மாதிரிக் கடதாசிதான் புள்ள அதுவும். இதுல மை ஒண்ணும் இல்ல. சூடு பட்ட எடம் கறுக்கும். அந்த ஸ்கேன் மெஷின் சூட்டாலதான் படத்தயே எழுதுது. நீ காட்டின சூட்டுல மத்த எடமும் கறுத்துட்டுது.”

“அப்ப உள்ளுக்குள்ள இருக்குமா?”

“உள்ளுக்குன்னு ஒண்ணு இல்ல புள்ள.”

ஸ்கேன் எடுத்த இடத்துக்கும் றுஸைனாவே போன் போட்டாள். அங்கே மெஷின் மாற்றி ஒரு வருடமாம், பழையது எதுவும் இல்லையாம். போனை வைத்துவிட்டு, “எப்புடியும் அது இன்னும் ஆறு மாசத்துல தானா மங்கிப் போயிருக்கும். இப்புடி நெனச்சுக்க,” என்றாள்.

நினைத்துப் பார்த்தாள். அந்த ஆறு மாதத்தில் நூற்றெண்பது நாள் இருந்தது. நூற்றெண்பது காலையில் அந்த மூக்கைப் பார்த்திருக்கலாம். தானாகப் போயிருந்தால் விட்டுப் போனது என்று அழலாம். இது அவள் கையால், அவள் தொழிலால், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது. பிள்ளையை இரண்டாம் முறை கொன்றவள் நான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது.

இனி ஒரே ஒரு வழிதான் மிச்சம் என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்தவன் ஒருவன் இருக்கிறான். கல் நெஞ்சோ, மண் நெஞ்சோ, அந்த முகம் அவனிடம் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் தேதி காலையில் றொமேஷ் வந்து இறங்கினான். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு பேரும் மயானத்துக்கு ஏறினார்கள். தேயிலைச் சரிவெல்லாம் பனி மூட்டம், பூந்தூறல். சுற்றிலும் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே எங்கோ பாதர் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருகிற மணிச் சத்தம் கேட்டது. ஓரத்தில், நாலு கல் வைத்த ஒரு முழ மண்ணுக்கு முன்னால் றொமேஷ் குந்திக்கொண்டு புல்லைப் பிடுங்கினான். பிஸ்கட் டின் நிலக்ஷனாவின் கக்கத்தில் இருந்தது.

“ஒண்ணு கேக்கணும்ங்க.”

“கேளு.”

“புள்ள மொகம் எப்புடி இருந்திச்சு?”

புல் பிடுங்கிய கை நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“சொல்லுங்க. நான் அழ மாட்டேன். மூக்கு எப்புடி, முடி இருந்திச்சா, எல்லாஞ் சொல்லுங்க.”

“நான் பாக்கல நிலா.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“பாக்குறீங்களான்னு கேட்டாங்க. பயந்துட்டேன், வேணாம்னுட்டேன். வீடு வரைக்கும் மடியிலதான் பொட்டி இருந்திச்சு. சும்மா ஒரு கயிறு. அவுத்துப் பாத்திருக்கலாம். பாக்கல. நீ என்னைக்காவது கேப்பன்னு தெரியும். அதான் வீட்டுல நிக்கவே பயமா இருந்திச்சு.”

நிலக்ஷனா ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கொழும்புக்கு ஓடியது கல் நெஞ்சு இல்லை, பயம். தெரிந்து என்ன செய்வது? முகத்தைப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரியில் பேர் தெரியாத இரண்டு மூன்று நர்ஸ்மார். அவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தை ஞாபகம் வைத்திருக்க ஒரு ஆள் இல்லை.

றொமேஷ் அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவள் தோளில் கை வைத்தான்.

“போன்ல இருந்தத அழிச்சப்புறந்தான் எனக்குப் புத்தி வந்திச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்கு வர்ற நேரமெல்லாம், நீ தண்ணிக்குப் போனதும் அந்தப் படத்தத் தேடி எடுத்துப் பாப்பேன். எனக்குத் தெரிஞ்ச மொகம் அது ஒண்ணுதான். மூக்கு ஒன் மூக்கு நிலா.” மூச்சை இழுத்து விட்டான். “இன்னைக்கி கொண்டாந்திருக்கியா? இதுலதானே வச்சிருக்க? எடு. ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு தடவ கூடப் பாத்ததில்லயே. பாப்போம்.”

இந்தச் சொல்லுக்காகத்தான் அவள் ஒன்றரை வருடம் காத்திருந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா அது?

அவள் மூடியைத் திறக்கவில்லை. அவனே டின்னை வாங்கித் திறந்தான். அட்டையை எடுத்தான். வெளிச்சத்துக்குப் பிடித்தான், சாய்த்தான், தலைகீழாகத் திருப்பினான்.

“ஈரம் பட்டு அழுக்காயிருக்கு போல,” என்று சொல்லிக்கொண்டு சட்டை நுனியால் துடைத்தான். பிறகு வாயால் ஆவி ஊதித் துடைத்தான். மூன்று பூச்சுப் பவுடர், நல்ல வேலைப்பாடு. துடைக்கத் துடைக்கப் பளபளத்தது. அவன் விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தான்.